விளையாட்டு மருத்துவத்துக்குப் பள்ளியிலேயே தயாராவது எப்படி

மாவட்ட அளவிலான கபடிப் போட்டி எதையாவது கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். ரெய்டு போன பையன் கணுக்கால் மடங்கி விழுகிறான். பத்து நொடிக்குள் அவனைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவர் காலைப் பிடித்து இழுக்கிறார். ஒருவர் வலிநிவாரண ஸ்ப்ரே அடிக்கிறார். இன்னொருவர் "எந்திரிச்சு நாலு எட்டு நட, சரியாயிடும்" என்று தோளைப் பிடித்துத் தூக்குகிறார். "எந்த இடத்துல வலிக்குது, விரல் வச்சுக் காட்டு" என்று கேட்க மட்டும் ஆள் இருப்பதில்லை.

பத்தாவதோ பிளஸ் ஒன்னோ படிக்கும் பிள்ளை "ஸ்போர்ட்ஸ் டாக்டர் ஆகணும்" என்று சொன்னால் வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "அப்ப நீட்டுக்குப் படி." தப்பான பதில் இல்லை, ஆனால் பாதிப் பதில். மதிப்பெண் உங்களைக் கல்லூரிக்குள் கொண்டுபோய் விடும். விழுந்தவனிடம் சரியான கேள்வியைக் கேட்பது, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்ற தெளிவு, பார்த்ததை அன்றே எழுதி வைக்கும் ஒழுங்கு எல்லாம் மைதானத்தில் நின்றால்தான் வரும். அதற்குப் பதினைந்து வயது போதும். பணமும் அதிகம் தேவையில்லை.

முதலில், எந்த வேலை என்று பார்த்துவிடுவோம். பெரிய அணியோடு பயணிக்கும் குழுவில் டாக்டர் இருப்பார், பிசியோதெரபிஸ்ட் இருப்பார், உடற்தகுதிப் பயிற்சியாளர், உணவியல் நிபுணர், சில அணிகளில் உளவியல் ஆலோசகரும் இருப்பார். டிவியில் பார்க்கும்போது எல்லாரும் ஒரே மாதிரி டி-சர்ட் போட்டிருப்பார்கள். அன்றாட வேலை வேறு வேறு. 2019 மே மாதம் நீரஜ் சோப்ராவுக்கு மும்பையில் முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் மறுபடி போட்டியில் ஈட்டி எறிந்தது 2020 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவில். 87.86 மீட்டர் போய் விழுந்தது, டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதியும் கிடைத்தது. அறுவைச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடுகிற வேலை. அதற்கும் அந்த எறிதலுக்கும் நடுவே இருந்த எட்டு மாதம் பிசியோவின் கையிலும் பயிற்சியாளரின் கையிலும் இருந்தது. ஒருவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, இன்று இரண்டு பாகை அதிகமாக மடங்குகிறதா என்று பார்ப்பதில் உங்களுக்கு நிறைவு கிடைக்குமென்றால் உங்கள் வழி பிசியோதெரபி. நோய் என்ன என்று கண்டுபிடிப்பதில்தான் மனம் போகிறது என்றால் மருத்துவம். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் நீட் மூன்று தடவை எழுதிவிட்டு, வேறு வழியில்லாமல் பிசியோதெரபி பட்டப்படிப்பான பி.பி.டி. சேருகிறவர்கள் நிறைய. பிசியோதெரபி தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் கிடையாது. விளையாட்டு வீரர் தன் உடம்பைப் பற்றி அதிக நேரம் பேசுவது பிசியோவிடம்தான்.

டாக்டர் வழி நீளமானது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு நீட் பி.ஜி. எழுதி எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின் மூன்று ஆண்டு. புனே ராணுவ மருத்துவக் கல்லூரி, 2010-இல் காமன்வெல்த் போட்டியை ஒட்டித் தொடங்கப்பட்ட டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் விளையாட்டுக் காய மையம் போன்ற சில இடங்களில்தான் இந்தப் படிப்பு உண்டு. நாடு முழுவதும் சேர்த்தே இடங்கள் குறைவு என்பதால், பலர் எம்.எஸ். எலும்பு மருத்துவம் முடித்து, மூட்டு நுண்துளை அறுவைச் சிகிச்சையில் தனிப் பயிற்சி எடுத்து இந்தத் துறைக்கு வருகிறார்கள். வீட்டில் பேசும்போது இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளஸ் டூ முடிந்து குறைந்தது எட்டரை ஆண்டு, நடுவில் ஒரு பெரிய நுழைவுத்தேர்வு.

பி.பி.டி. நான்கு ஆண்டுப் படிப்பும் அதன்பின் பயிற்சிக் காலமும். அதற்கு மேல் எம்.பி.டி.யில் விளையாட்டுப் பிரிவை எடுத்தால் இரண்டு ஆண்டு. திருச்சியில் அரசு பிசியோதெரபி கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்திச் சேர்த்து வந்தார்கள். இதையும் நீட்டுக்குள் கொண்டுவரும் நகர்வு தேசிய அளவில் நடக்கிறது. அதனால் அண்ணன், அக்கா சேர்ந்த காலத்து விதியை நம்பாமல் உங்கள் ஆண்டின் தகவல் கையேட்டை வரி வரியாகப் படியுங்கள். உடற்தகுதிப் பயிற்சி, உடற்செயலியல் பக்கம் போக நினைப்பவர்கள் சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளைப் பார்க்கலாம். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் உடற்தகுதிப் பயிற்சியாளர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன். அதே அணியின் மனவளப் பயிற்சியாளர் பேடி அப்டன், 2024-இல் குகேஷ் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோதும் அவரோடு வேலை செய்தார். உளவியல் வழியும் இந்தத் துறைக்குள் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

குரூப்பும் பாடமும்

பத்தாவது முடித்ததும் வரும் குரூப் தேர்வில் உயிரியல் இல்லாத குரூப்பை எடுத்துவிட்டால் மருத்துவமும் பிசியோதெரபியும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பியூர் சயின்ஸ், பயோ-மேத்ஸ் இரண்டில் எது என்றால், கணக்கு உங்களுக்கு எதிரியாக இல்லாதவரை பயோ-மேத்ஸ் எடுப்பது நல்லது. நீட்டுக்குக் கணக்குப் பாடம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் நீட்டின் இயற்பியல் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பின்னாளில் உடல் அசைவை விசைக் கணக்காகப் படிக்கும் உயிர்விசையியல் பக்கம் போக நினைத்தாலும் கணக்கு கைகொடுக்கும். நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் உயிரியல் மட்டும் 90 கேள்வி, அதாவது சரிபாதி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. எட்டாவதில் தனியார் பள்ளிக்கு மாறலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளஸ் ஒன் விலங்கியலில் 'இடப்பெயர்ச்சி மற்றும் இயக்கம்' பாடத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எலும்பு, மூட்டு, தசை சுருங்கும் விதம் என்று இந்தத் துறையின் அரிச்சுவடி அதில் இருக்கிறது. ஒவ்வொரு தசையின் பெயரையும் படிக்கும்போது உங்கள் உடம்பிலேயே அதைத் தொட்டுப் பாருங்கள், சுருக்கிப் பாருங்கள். அதே ஆண்டு இயற்பியலில் திருப்புவிசை வரும். அதை எழுதிக் காட்டும் கணக்கு இது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி உள்ளங்கையில் 5 கிலோ எடையைப் பிடித்திருக்கிறீர்கள். எடையின் விசை ஏறக்குறைய 50 நியூட்டன். முழங்கையிலிருந்து உள்ளங்கை 35 செ.மீ. தூரம். இருதலைத் தசை ஒட்டியிருப்பதோ முழங்கையிலிருந்து 4 செ.மீ. தூரத்தில்தான். 50-ஐ 35-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 437 நியூட்டனுக்கு மேல். முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே இந்த அளவு. கையில் இருப்பது 5 கிலோ, தசை இழுப்பது 40 கிலோவுக்கும் மேலான பாரத்துக்குரிய விசையோடு. கையை நீட்டி எடை தூக்கினால் தோள் ஏன் போகிறது, குனிந்து தூக்கினால் இடுப்பு ஏன் பிடிக்கிறது என்பதற்கெல்லாம் இந்த ஒரு வரிக் கணக்கில் விடை இருக்கிறது.

ஒரு கணுக்காலை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்

பள்ளி மைதானத்தில் அடிக்கடி அடிபடும் இடங்களில் ஒன்று கணுக்கால். அதனால் உடம்பு முழுவதையும் மேலோட்டமாகத் தெரிந்துகொள்ள முயலாமல், இந்த ஒரு மூட்டைத் தெளிவாகக் கற்பதிலிருந்து தொடங்கலாம். 1992-இல் கனடாவின் ஆட்டவாவில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரின் குழு வகுத்த விதி ஒன்று உண்டு. கணுக்கால் மடங்கி வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, யாருக்கு அவசியம் என்று பிரிப்பதற்கான விதி. இன்றும் உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது.

நண்பரின் அடிபடாத காலில் பழகுங்கள். கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் நுனியைக் கண்டுபிடித்து, அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 செ.மீ. வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். உட்பக்க எலும்பிலும் அதே மாதிரி. அடுத்து, சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிவிளிம்பில் குதிகால் நோக்கி விரலை ஓட்டினால் பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும், அது மூன்றாவது இடம். உட்பக்கக் கணுக்காலுக்குக் கீழே சற்று முன்னால் இருக்கும் எலும்பு மேடு நான்காவது. இந்த நான்கில் எங்காவது எலும்பின் மேல் அழுத்தும்போது வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் பிறகும் தாங்கித் தாங்கியாவது நான்கு அடி வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே தேவை. வழக்கமான சுளுக்கில் வலி எலும்பின் மேல் இருக்காது. வெளிப்பக்க எலும்பு நுனிக்குக் கொஞ்சம் முன்னால், கீழே, பள்ளமான இடத்தில் இருக்கும். அங்கே எலும்போடு எலும்பை இணைக்கும் நாரான லிகமென்ட்தான் முதலில் பிய்யும்.

இதில் பள்ளி வயதுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கும். அது பக்கத்திலிருக்கும் லிகமென்ட்டை விடப் பலவீனமானது. பெரியவருக்கு லிகமென்ட் பிய்யும் அதே மடங்கலில் பதிமூன்று வயதுப் பையனுக்கு வளர்ச்சித் தட்டு விலகலாம். அதனால் சின்ன வகுப்புப் பிள்ளை எலும்பு நுனியில் வலி என்று சொன்னால் 'வெறும் சுளுக்கு' என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும்.

முதலுதவியை ஒழுங்காகச் செய்வதும் பழகித்தான் வரும். ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஈரத்துணி சுற்றி, 15 நிமிடம். தோலில் நேராக வைத்தால் பனிப்புண் வரும். அடுத்த தடவைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி கணுக்காலுக்கு மேல் வரை கொண்டுபோக வேண்டும். பலர் கணுக்காலை மட்டும் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வீக்கம் பாதத்துக்கு இறங்கிவிடுகிறது. கட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் ரத்த நிறம் திரும்பவில்லை என்றால் கட்டைத் தளர்த்த வேண்டும்.

எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் முதல் நாளே அதுதான் நடக்கிறது. புதிதாக அடிபட்ட இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அதைத் தேய்த்தால் கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாள் தேய்ப்பதும் ஒத்தடச் சூடும் வேண்டாம். முழங்கையில் அடிபட்ட பிள்ளைக்குத் தேய்ப்பது இன்னும் ஆபத்து. தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, முழங்கை மடங்காமல் போய்விடலாம். எலும்பு மருத்துவர்கள் நம் நாட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கும் கேடு இது. பாட்டியிடம் எதிர்த்துப் பேசத் தேவையில்லை. "மூணு நாள் போகட்டும் பாட்டி, எக்ஸ்ரே பாத்துட்டுத் தேய்ச்சுக்கலாம்" என்று சொன்னால் போதும்.

உயிர் போகும் மூன்று

கணுக்காலில் தவறினால் சில வாரம் வீணாகும். இந்த மூன்றில் தவறினால் உயிரே போகும்.

யாரும் மோதாமல், ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்ந்து விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கை கால் வெட்டி இழுக்கலாம், விட்டு விட்டு வாய் திறந்து மூச்சு வாங்கலாம். அதைப் பார்த்து வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவி கொடுப்பதில்தான் நேரம் போகிறது. 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வீதம், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 2021 ஜூனில் யூரோ கால்பந்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே விழுந்தார். 2023 ஜனவரி 2-இல் அமெரிக்கக் கால்பந்தில் டமார் ஹாம்லின் விழுந்தார். மருத்துவக் குழு அங்கேயே அழுத்தத் தொடங்கியதால் இருவரும் பிழைத்தார்கள், மறுபடி விளையாடவும் செய்தார்கள். இதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. தலையணையில் பழகினாலும் ஆழம் பிடிபடாது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் மேல் அழுத்திப் பழக வேண்டும். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லி ஒருநாள் பயிற்சி ஏற்பாடு செய்யலாம்.

இரண்டாவது வெப்பத் தாக்கு. ஏப்ரல், மே கோடைப் பயிற்சி முகாம்களை நினைத்துப் பாருங்கள். கடுமையாக ஓடியவர் தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கோபப்படுகிறார். "வேர்க்குதே, அப்ப வெப்பத் தாக்கு இல்ல" என்பது தப்பு. உழைத்து வரும் வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை சும்மா காத்திருக்காமல் அங்கேயே குளிர வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்துவரை. இல்லையென்றால் ஒரு தார்ப்பாயை விரித்து அவரைப் படுக்க வைத்து, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி அசைத்துக்கொண்டே இருக்கலாம். அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பம் இறங்குகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முகாம் தொடங்கும் முன்பே தார்ப்பாயும் ஐஸ் பெட்டியும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும்.

மூன்றாவது தலையில் அடி. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்றில்லை. "இது எந்த மைதானம், இப்ப எந்தப் பாதி, கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு" என்று கேளுங்கள். தடுமாறினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தெளிவாகப் பதில் சொன்னாலும் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருந்தால் அன்றைக்கு ஆடக் கூடாது. வாந்தி தொடர்ந்தாலோ தலைவலி கூடிக்கொண்டே போனாலோ நேராக மருத்துவமனை. மறுபடி விளையாட வருவதும் படிப்படியாகத்தான், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, டாக்டர் ஒப்புதலோடு.

நோட்டும் பேனாவும்

எங்கள் பார்வையில், பள்ளியிலேயே ஒரு மாணவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் அணிக்கு ஒரு காயப் பதிவேடு வைப்பது. பி.டி. சாரிடம் அனுமதி கேளுங்கள். பெயர் எழுதாமல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணுக்கு உரியவர் யார் என்ற தாள் சாரிடம் மட்டும் இருக்கட்டும். தேதி, பயிற்சியா போட்டியா, உடம்பின் எந்த இடம், வலமா இடமா, புதிதா பழையது திரும்பியதா, என்ன செய்யும்போது ஆனது, எத்தனை நாள் விளையாடவில்லை. இவ்வளவு போதும். கூடவே, அன்றைக்கு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார்கள் என்பதையும் தவறாமல் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் மிஞ்சும், ஒப்பிட எதுவும் இருக்காது.

கணக்கு இப்படி. 20 பேர் தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் 5 நாள், 12 வாரம் என்றால் மொத்தம் 1800 மணி. அந்தக் காலத்தில் 9 பேர் அடிபட்டு ஆட்டத்தைத் தவறவிட்டார்கள் என்றால், 9-ஐ 1800-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். 1000 மணிக்கு 5 காயம். உலகக் கோப்பை அணிகளின் ஆய்வுகளிலும் காயத்தை அளக்கும் அலகு இதுதான். அடுத்த பருவத்தில் வார்ம்-அப்பை மாற்றினால் அந்த 5 குறைகிறதா என்று பார்க்கலாம். காயம் பயிற்சியின் கடைசி அரை மணியில் குவிகிறதா, தேர்வு விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் குவிகிறதா என்றும் தேடுங்கள். மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு நேராக மண்டலப் போட்டிக்கு முழு வேகத்தில் ஓட விட்டால் தொடையின் பின்தசை பிடிக்கத்தான் செய்யும்.

மாற்ற வேண்டிய வார்ம்-அப் கையிலேயே இருக்கிறது. கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' திட்டத்தில் 15 பயிற்சிகள், 20 நிமிடம். 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலு, சமநிலை, குதிப்பு, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை முன்நின்று நடத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாயும். அதை ஒவ்வொருவரிடமும் பார்த்துத் திருத்தாவிட்டால் 20 நிமிடமும் வீண், ஏனென்றால் முழங்காலுக்குள் இருக்கும் முக்கிய லிகமென்ட்டான ஏ.சி.எல். கிழிவது பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான். இரண்டாவது, மண்டியிட்டு முன்னால் சாயும் பின்தொடைப் பயிற்சி. தொடக்கத்தில் 3 முதல் 5 தடவைதான். ஆர்வத்தில் முதல் நாளே 12 செய்ய வைத்தால் மறுநாள் பாதி அணி நடக்க முடியாமல் நிற்கும். அத்தோடு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள்.

கிரிக்கெட் பள்ளிகளில் வேகப்பந்து போடும் பையன்களின் ஓவர்களை எண்ணுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் கடைப்பிடித்த அளவு, 14, 15 வயதுப் பிரிவுக்கு ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளைக்கு 12. வளரும் முதுகெலும்பு அதற்கு மேல் தாங்காது. வலக்கைப் பந்துவீச்சாளருக்கு இடுப்புக்கு மேல் இடப்பக்கம் வலி தொடர்ந்தால் முள்ளெலும்பில் அழுத்தக் கீறலாக இருக்கலாம். தைலம் தடவி ஆட வைக்கக் கூடாது.

தண்ணீர்க் கணக்கும் எளிது. பயிற்சிக்கு முன் எடை 52.0 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து 51.1. நடுவில் குடித்தது 400 மி.லி. வெளியேறிய வியர்வை 1.3 லிட்டர். ஒவ்வொருவருக்கும் இது வேறுபடும். எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தால் ஆட்டம் தளரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எத்தனை லிட்டருக்கு என்று எழுதியிருக்கிறதோ அத்தனை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இருமடங்காகி, தாகமும் குமட்டலும்தான் கூடும்.

எடை என்றதும் வினேஷ் போகத் நினைவுக்கு வராமல் போகாது. 2024 பாரிஸில் 50 கிலோ மல்யுத்த இறுதிப்போட்டி நாள் காலையில் 100 கிராம் அதிகம் என்று தகுதி இழந்தார். பள்ளி அளவு மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்குதலிலும் பிள்ளைகள் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் எடை இறக்குகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு அபாயம். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலமிழக்கும். மூன்று மாதம் வரவில்லை என்றால் அது 'நல்லா பிராக்டிஸ் பண்றதோட அடையாளம்' கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஆண் பயிற்சியாளரிடம் இதைச் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். அணியில் கூடவே இருக்கும் ஒரு மாணவியிடம் சொல்வார்கள். இந்தத் துறைக்குப் பெண்கள் இன்னும் நிறைய வர வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு கட்டுப்பாடு கண்டிப்பானது. யாருக்கும் மாத்திரை கொடுக்காதீர்கள், பாரசிட்டமால் கூட. சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின் போட்டி நேரத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஜிம்மில் விற்கும் புரோட்டீன் டப்பாவிலும் லேபிள் இல்லாத லேகியத்திலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாட்டினால் 'தெரியாமல் சாப்பிட்டேன்' என்பது வீரரைக் காப்பாற்றாது, உடம்பில் போனதற்கு அவரே பொறுப்பு. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படும். அதன் இணையப் பாடங்கள் இலவசம். ஃபிஃபாவின் கால்பந்து மருத்துவப் பாடங்களும் இலவசம்தான், ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும். பிளஸ் ஒன் அளவில் முழுதும் புரியாது, கணுக்கால், முழங்கால் பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிளினிக் அனுபவம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் போய்க் கேளுங்கள். "சார், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் ஓரமா உட்காந்து பாக்கலாமா? யாரையும் தொட மாட்டேன், போட்டோ எடுக்க மாட்டேன், ஒவ்வொரு நோயாளிகிட்டயும் அனுமதி கேட்டுட்டு உள்ள வர்றேன்" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. கையில் காயப் பதிவேட்டைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. மாற்றுத்திறனாளி விளையாட்டுப் போட்டி பக்கத்தில் நடந்தால் தன்னார்வலராகப் போங்கள். 2016 ரியோவில் சேலத்து மாரியப்பன் தங்கம் வென்ற உயரம் தாண்டுதலில் யார் எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்று உடலைப் பரிசோதித்து முடிவு செய்பவர்களில் டாக்டர்களும் பிசியோக்களும் உண்டு. இப்படி ஒரு வேலை இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவையும் எப்போது செய்வது? ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் முதலுதவிப் பயிற்சியும் கணுக்காலும் போதும். பதிவேடு, வார்ம்-அப், கிளினிக் எல்லாம் பிளஸ் ஒன்னுக்கு. பிளஸ் டூவில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது நோட்டை ஒரு பத்தாவது மாணவரிடம் ஒப்படைத்துவிட்டு முழுக்கப் படிப்புக்குத் திரும்பிவிடுங்கள். மைதானத்தில் நின்றதால் மதிப்பெண் போய்விட்டது என்று வீட்டில் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. நீட் முடிந்து கலந்தாய்வு வரும்வரை இரண்டு மாதமாவது கையில் இருக்கும். அப்போது நெஞ்சழுத்தப் பயிற்சியை இன்னொரு முறை எடுத்துக்கொண்டு, பதிவேட்டின் ஓராண்டுக் கணக்கை இரண்டு பக்கத்தில் எழுதி பி.டி. சாரிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போங்கள்.